ஏரிக்குக் கரை, கழிக்கு வாய்

நான் வேலை பார்ப்பது மால்ட்டாவில், ஒரு வங்கியின் கடன் பிரிவில். பி.காம். படித்தவனுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது கடன் கேட்டு வருகிறவரிடம் பேலன்ஸ் ஷீட்டை மட்டும் வாங்கிப் பார்த்தால் போதாது. தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறீர்கள், கழிவை எங்கே விடுகிறீர்கள், கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தத் தொழில் பசுமைத் தொழில், எது இல்லை என்று வகை பிரிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் ஒரு விதியே போட்டுவிட்டது. டாக்ஸானமி விதி என்பார்கள். ஆக, மரம் செடி கொடி எல்லாம் இப்போது எங்கள் மேஜைக்கும் வந்துவிட்டன.

இந்த விதிகளைப் புரட்டும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாம் மால்டீஸ் மொழியிலும் இருக்கின்றன.

மால்ட்டாவின் மொத்த ஜனத்தொகை 2021 கணக்கெடுப்பின்படி 5,19,562. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகரம், அவ்வளவுதான். மால்டீஸ், அரபு வழி வந்த மொழி. எழுதுவது ஆங்கில எழுத்து மாதிரி லத்தீன் எழுத்தில். நடுநடுவே இத்தாலியச் சொற்கள் ஏராளம். 2004 மே 1-ம் தேதி இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது மால்டீஸும் அங்கே அதிகார மொழி ஆனது. போதுமான மொழிபெயர்ப்பாளர்கள் இல்லை என்பதால் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பதிலிருந்து மூன்று வருடம் விலக்குக் கொடுத்தார்கள். 2007-ல் அந்த விலக்கும் முடிந்தது. இப்போது ஒன்றியத்தின் 24 மொழிகளில் அதுவும் ஒன்று. ஒரு விதியின் ஜெர்மன் பிரதிக்கும் மால்டீஸ் பிரதிக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே மதிப்பு.

என் ஆபீஸ் மால்டீஸ் நண்பர்களே அவசரத்துக்கு ஆங்கிலப் பிரதியைத்தான் திறக்கிறார்கள் என்பது வேறு விஷயம். கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் உரிமை உரிமைதானே. வேண்டாம் என்று நாமே ஒதுக்கி வைப்பதும், உனக்குக் கிடையாது என்று இன்னொருவர் சொல்வதும் ஒன்றா?

எனக்கு இன்னும் பிடித்தது அவர்கள் சொல் உண்டாக்கிய விதம். சுற்றுச்சூழல் என்பதற்கு இத்தாலிய வழியில் 'அம்பியென்ட்' என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் 'வெட்லேண்ட்' என்பதற்கு வெளியே போகவில்லை. மெல்லீஹா பக்கம் 'ஆதீரா' என்று ஓர் உப்புநீர்க் குட்டை இருக்கிறது. பறவைகளுக்கான காப்பிடம். 1988-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆதீரா என்றாலே மால்டீஸில் நீர் தேங்கிய இடம், குட்டை என்றுதான் பொருள். சட்டத்தில் வெட்லேண்டுக்கு அவர்கள் எழுதும் 'மிஸ்தாத்ரா' நிலம் என்பதும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். கிராமத்துக் கிழவர் குட்டைக்குச் சொன்ன வார்த்தை, கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு சட்டப் புத்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கண்டதும் எங்கள் ஊர்த் தண்ணீரின் ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் தடா. சென்னைக்காரர்களுக்கு அந்தப் பேரைச் சொன்னால் அருவி ஞாபகம் வரும், கொஞ்சம் வயதானவர்களுக்கு அந்தப் பழைய சட்டம் ஞாபகம் வரும் :-) சென்னையிலிருந்து கல்கத்தா சாலையில் ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. முதல் பெரிய ஊர் நாங்கள்தான். ரொம்ப காலம் நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரிய உவர்நீர்ப் பரப்பு. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். அதற்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி நிற்பது ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கில் ஆரணி ஆறும் வடக்குப் பக்கம் காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாக உள்ளே வந்து போகிறது. இந்த இரண்டு தண்ணீரும் கலப்பதால்தான் அங்கே இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும். அவற்றை நம்பித்தான் மீனவர் குடும்பங்கள், குளிர்காலத்தில் வரும் பூநாரைகள், சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள், எல்லாம்.

இதை நாம் தமிழில் எப்படி எழுதுகிறோம்? 'பழவேற்காடு ஏரி'. பாடப் புத்தகத்தில் ஏரி, நாளிதழில் ஏரி, பெயர்ப் பலகையில் ஏரி. தெலுங்கிலும் 'சரஸ்ஸு' என்றுதான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'லேக்' என்று யாரோ எழுதினார்கள், நாம் அப்படியே இறக்கிக்கொண்டோம்.

ஏரி என்றால் நமக்கு என்ன? மழைநீரைக் கரை போட்டுத் தேக்கி, மதகு வழியாக வயலுக்கு விடுவது ஏரி. செம்பரம்பாக்கம் ஏரி, மதுராந்தகம் ஏரி. கரை உடைந்தால் ஊருக்கு ஆபத்து. தண்ணீர் வெளியே போகாமல் இருக்கும் வரைக்கும் ஏரிக்கு உயிர். எங்கள் ஊர்த் தண்ணீரின் கதை நேர் எதிர். அதன் வாய் திறந்திருக்க வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் வராது, இறால் குஞ்சு உள்ளே ஏறாது, வெயில் காலத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றி உப்புக் கரிக்கும். ஏரிக்குக் கரை வேண்டும், கழிக்கு வாய் வேண்டும். இரண்டையும் ஒரே பேரில் கூப்பிட்டால் வைத்தியம் மாறிப்போகாதா?

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரிசாவின் சிலிகாவே சாட்சி. 1981-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. மண் தூர்ந்து, கடலோடு தொடர்பு குறைந்து, மீன் வரத்து விழுந்து, ஆபத்தில் உள்ளவை என்ற தனிப் பட்டியலுக்கே போய்விட்டது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிதாக ஒரு வாய் வெட்டித் திறந்தார்கள். மீன்பிடி திரும்பியது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். கரையைப் பலப்படுத்தியா பிழைத்தது? வாயைத் திறந்து பிழைத்தது.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு எடை உண்டு. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளில் எது ஈரநிலம் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் அதில் சேராது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். நெல் வயலும் ஆற்றின் ஓட்டப் பாதையும் அப்படியே விலக்கு. அதாவது நம் அர்த்தத்தில் ஏரி என்பது அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. பழவேற்காடு இரு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம் என்பதால் அதற்கு வேறு காவல் இருக்கிறது. ஆனால் பேர் தெரியாத சின்னச் சின்ன கழிகளும் சதுப்புகளும் எத்தனையோ. அவற்றை ஏரி என்று எழுதுவதா, கழி என்று எழுதுவதா, ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று எழுதுவதா என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது.

தரிசு என்றதும் சொல்ல வேண்டும். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் 'நீர் தேங்கிய, சதுப்பான நிலம்' என்பதும் ஒரு வகை. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எந்தத் தலைப்பில் எழுதுகிறோமோ அதுதான் அந்தப் பொருளின் விதி. சொத்து என்று எழுதினால் காப்பாற்றுவோம், வாராக்கடன் என்று எழுதினால் தள்ளுபடி செய்வோம். புறம்போக்கு என்ற சொல் என்ன ஆனது என்று பாருங்கள். வரி போடாமல் ஊர்ப் பொதுவுக்கு விட்டுவைத்த நிலம் அது. இன்றைக்கு ஒருவரைத் திட்டுவதற்குத்தான் பயன்படுகிறது.

சரி, சட்டமும் அறிக்கையும் நம் மொழியில் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? முதலில் வர வேண்டுமே!

2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒரு நல்ல காரியம் செய்தது. பெரிய திட்டம் ஒன்று வருகிறதென்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால், அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் மாநில ஆட்சிமொழி அல்லது உள்ளூர் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்றது. சுருக்கத்துக்கு மட்டும்தான் இந்தக் கட்டாயம். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும் முழு அறிக்கைக்கு இல்லை.

எங்கள் பக்கம் இதில் இன்னொரு சிக்கல். ஆட்சிமொழி தெலுங்கு. ஆனால் குப்பத்தில் சிலருக்குத் தமிழ்தான் பேசவும் படிக்கவும் வரும். எல்லைக்குத் தெற்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இதே கதை தலைகீழாக, தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு. 1960-ல் ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லையைத் திருத்தி ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். கோடு மாறியது, மனிதர்கள் பேசுவது மாறவில்லை. சுற்றுச்சூழலுக்குத் தெலுங்கில் 'பர்யாவரணம்'. கருத்துக் கேட்புக்கு 'பிரஜாபிப்ராய சேகரண'. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற தெலுங்கு இருக்கிறது, சமாளித்துவிடுவேன். அறுபது வயது மீனவருக்கு?

2020-ல் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த 2006 அறிவிக்கையை மாற்றி எழுத ஒரு வரைவு வந்தது. கொரோனா ஊரடங்கு நேரம். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று 2020 ஜூன் 30-ல் நீதிமன்றம் சொல்லி, கருத்துக்கான கடைசித் தேதியை ஆகஸ்ட் 11 வரை தள்ளி வைத்தது. மத்திய அரசு மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக உச்ச நீதிமன்றம் போனது. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டால் சட்டப்படி போதும் என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றத்திலேயே மறு ஆய்வு கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அனுப்பி வைத்தது. அதற்குள் ஆகஸ்ட் 11 கடந்துவிட்டது.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 6.9 கோடி. தெலுங்கு 8 கோடிக்கு மேல். இங்கே ஐந்து லட்சம் பேருக்கு, படிக்கிறார்களோ இல்லையோ, ஒவ்வொரு சுற்றுச்சூழல் விதியும் அவர்கள் மொழியில் இருக்கிறது. பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனால் பணம் மட்டும் காரணம் இல்லை. சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று முதலில் ஒத்துக்கொண்டார்கள். பட்ஜெட் அதற்குப் பிறகு வந்தது.

மொழிபெயர்ப்பு வந்தாலும் எந்த வார்த்தையில் வருகிறது என்பது அடுத்த கேள்வி. 'தூர்வாருதல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மனதில் அது நல்ல சொல். குளத்தைத் தூர்வாரினால் புண்ணியம். பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரிக் கொடுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்கிறார்கள். அதே சொல்லைத்தான் துறைமுகத்துக்காகக் கடலடியைத் தோண்டி ஆழமாக்குவதற்கும் நாளிதழில் போடுகிறார்கள். ஒன்று அடைத்த மண்ணை எடுப்பது. இன்னொன்று இல்லாத பள்ளத்தை உண்டாக்குவது. மீனவர் கெஞ்சிக் கேட்பதும் பயந்து எதிர்ப்பதும் ஒரே வார்த்தையில் வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் எதற்குக் கை தூக்குவார்?

'நில மீட்பு' இன்னொன்று. ஆங்கிலத்தில் 'ரெக்ளமேஷன்' என்கிறார்களே, அதன் நேர் மொழிபெயர்ப்பு. மீட்பது என்றால் நம்மிடமிருந்து போனதைத் திருப்பிக் கொண்டுவருவது. அடகு வைத்த நகையை மீட்கலாம். கடலையும் கழியையும் மண் போட்டு மூடுவது எப்படி மீட்பு ஆகும்? எங்கள் ஊரில் அதற்கு நல்ல தமிழ் இருக்கிறது. தூர்க்கிறது. குளத்தைத் தூர்த்து வீடு கட்டினான் என்போம். அந்த வார்த்தையைப் போட்டால் படித்தவுடனே விஷயம் புரிந்துவிடும். ஒருவேளை அதனால்தான் போடுவதில்லையோ என்னவோ.

எங்கள் பக்கத்துச் சித்தப்பா ஒருவர். தொழிலை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது இதைக் கேட்டேன். "சித்தப்பா, சுற்றுச்சூழல் தாக்கம்னா என்னன்னு புரியுதா?"

"ஏதோ அடிக்கிறாங்கன்னு தெரியுது. யாரை அடிக்கிறாங்க?" என்றார்.

சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் சரியான கேள்விதான். முகத்துவாரம் என்றால் புரியுமா என்று கேட்டதற்கு, "அது எனக்குப் புரியும், ஆபீசருக்குத்தான் புரியாது" என்றார்.

முகத்துவாரம் எங்கள் இடத்துக்கே பொருத்தமான சொல். தமிழ் மீனவரும் முகத்துவாரம் என்கிறார், தெலுங்கில் செய்தி போட்டாலும் 'முகத்வாரம்'தான். மாநில எல்லை தண்ணீருக்கு நடுவில் போகிறது, இந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது. இப்படிச் சொற்கள் நிறைய இருக்கின்றன. கடலில் கல் கொட்டிக் கட்டும் அரிப்புத் தடுப்புக்கு ஆங்கிலத்தில் 'க்ராயின்'. அகராதி பார்த்து யாராவது மொழிபெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! நம் கடற்கரையில் 'தூண்டில் வளைவு' என்கிறார்கள். உருவமே கண்ணில் தெரிகிறது. அரசாங்கமும் அதையே எடுத்துக்கொண்டது. 'அலையாத்தி' என்ற சொல் எனக்கு அதிகம் கண்ணில் பட்டது 2004 சுனாமிக்குப் பிறகுதான். அந்தக் காடு என்ன வேலை செய்கிறது என்று பேரிலேயே இருக்கிறது.

'பாடு' இன்னும் விசேஷம். பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எந்த முறையில் வலை போடுவது என்று ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் அது. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது, சுற்றிச் சுற்றி வரும். இதை ஆராய வந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் 'பாடு' என்றே எழுதுகிறார்கள். அவர்களிடம் அதற்குச் சொல் இல்லை. எப்போதும் நாம்தான் அவர்கள் சொல்லுக்கு விளக்கம் தேட வேண்டும் என்பதில்லை!

இலங்கைத் தமிழர்கள் இதில் நம்மை விட ஒரு படி மேலே. கடலோடு சேர்ந்த இந்த மாதிரி நீர்ப்பரப்பை அவர்கள் ஏரி என்று குழப்பிக்கொள்வதில்லை. களப்பு என்கிறார்கள், கடனீரேரி என்கிறார்கள். மட்டக்களப்பு என்ற ஊர்ப் பேரிலேயே களப்பு இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு அவர்கள் சொல் சுற்றாடல். அங்கே அரசாங்க அமைப்பின் பேரே மத்திய சுற்றாடல் அதிகாரசபை. தமிழ்நாட்டில் பருவநிலை மாற்றமா காலநிலை மாற்றமா என்று ரொம்ப நாள் இரண்டும் ஓடியது. 2021-ல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் என்று சேர்த்த பிறகு அது கொஞ்சம் நிலைத்திருக்கிறது. சூழலா, சுற்றாடலா என்று சண்டை போட வேண்டியதில்லை. இரண்டையும் கற்றுக்கொண்டால் என்ன நஷ்டம்?

என் பிள்ளைகள் இங்கே பள்ளியில் ஆங்கிலத்தில் 'லகூன்' படிக்கிறார்கள், மால்டீஸில் ஆதீரா படிக்கிறார்கள். தமிழில் என்னவென்று கேட்டால் அகராதியைப் பார்க்காமல் கழி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கழித்தல் கணக்கா என்று சின்னவள் கேட்டாள். இல்லை கண்ணு, கூட்டல் கணக்கு, ஆறும் கடலும் கூடினால் கழி என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

நாம் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு முகத்துவாரத்தைத் திறக்க முடியாது, சட்டத்தையும் மொழிபெயர்க்க முடியாது. ஆனால் ஊருக்குப் போன் பேசுகிறோம் இல்லையா? சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று கேட்ட பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் ஊரில் அந்தத் தண்ணீருக்கு, அந்தச் சதுப்புக்கு, மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்றுக்கு, குளிருக்கு வரும் அந்தப் பறவைக்கு என்ன பேர் சொல்வார்கள் என்று. காற்றுக்கு மட்டும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பேர் வைத்திருந்தவர்கள் நாம். கேட்டு எழுதி வையுங்கள். ஒருநாள் யாராவது ஓர் அறிக்கையை நல்ல தமிழில் எழுத உட்காரும்போது, அந்த வார்த்தை தேவைப்படும். அது தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிறது.

உங்கள் ஊர்ச் சொற்கள் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். நீர்கொழும்புக்காரர்களும் நாகப்பட்டினத்துக்காரர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்!